சாயம் உதிர்ந்த கிடார்

1961ஆம் ஆண்டின் இறுதியில், கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரத்தில் இருந்த ஃபெண்டர் தொழிற்சாலையிலிருந்து 64351 என்ற எண் பொறித்த மின்கிடார் ஒன்று வெளியே வந்தது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை. நடுவில் மஞ்சள், சுற்றிச் சிவப்பு, விளிம்பில் கறுப்பு என்று மூன்று நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரையும் ‘சன்பர்ஸ்ட்’ பூச்சு. அதே அச்சில் வரிசையாகத் தயாராகிக்கொண்டிருந்த கிடார்களில் அதுவும் ஒன்று. அதற்கென்று தனிச் சிறப்பு எதுவும் கிடையாது.

இந்த வகைக் கிடாரை உருவாக்கிய லியோ ஃபெண்டர் ரேடியோ பழுதுபார்த்துப் பிழைத்தவர். கிடார் வாசிக்கத் தெரியாதவர். பழுதுபார்க்கிறவரின் கண்ணோடுதான் அவர் கிடாரைப் பார்த்தார். அதுவரை கிடாரின் கழுத்தை உடலோடு பசைபோட்டு ஒட்டுவதே வழக்கம். இவர் நான்கு திருகாணிகளால் முடுக்கினார். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் மூன்று பிக்கப்புகள், அவற்றைத் தாங்கும் தகடு, குமிழ்கள், முறுக்காணிகள் எல்லாவற்றையும் தனித்தனியே கழற்றலாம், மாற்றலாம். ஒரு பகுதி கெட்டால் முழுக் கிடாரும் வீணாகாது. 64351 அறுபது ஆண்டுகளைத் தாண்டியதற்கு இந்த நான்கு திருகாணிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

அட்லாண்டிக்கைத் தாண்டி அதை அயர்லாந்துக்கு வரவழைத்தவர் ஜிம் கான்லன். வாட்டர்ஃபோர்டைச் சேர்ந்த ராயல் ஷோபேண்டின் கிடார்க்காரர். ஒரே நிற சூட் அணிந்து, ஊர் ஊராக நடன மண்டபங்களுக்குப் போய், அன்றைய வெற்றிப் பாடல்களை அச்சுஅசலாக வாசித்துக் காட்டும் குழுக்களுக்கு அங்கே ஷோபேண்ட் என்று பெயர். அறுபதுகளின் அயர்லாந்தில் அவர்கள்தான் நட்சத்திரங்கள். 1962இல் லிவர்பூலில் ராயல் ஷோபேண்ட் மேடையேறியபோது அவர்களுக்கு முன்னால் வாசித்துக் கூட்டத்தைச் சூடேற்றியவர்கள் பீட்டில்ஸ் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஷேடோஸ் குழுவின் ஹாங்க் மார்வின் கையில் இருந்ததைப் போலவே சிவப்புக் கிடார் வேண்டும் என்று கேட்டிருந்தார் கான்லன். வந்து இறங்கியதோ சன்பர்ஸ்ட். சிவப்பு வரும்வரை அதை வாசித்தார். வந்ததும் இது கார்க் நகரத்து க்ரௌலி இசைக்கருவிக் கடைக்குப் பழைய சரக்காகப் போய்ச் சேர்ந்தது. அயர்லாந்துக்கு வந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் இதுதான் என்று பரவலாகச் சொல்வார்கள். கேட்ட நிறத்திலேயே வந்திருந்தால் இந்தக் கதைக்கே இடமிருந்திருக்காது.

கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தவன் பதினைந்து வயதுப் பையன். பெயர் ரோரி கல்லகர். 1948 மார்ச் 2 அன்று டொனெகல் மாவட்டத்தின் பாலிஷானனில் பிறந்தவன். அங்கே எர்ன் ஆற்றில் நீர்மின் திட்ட வேலைக்கு வந்தவர் அப்பா, அக்கார்டியன் வாசிப்பார். அம்மா மோனிகா நல்ல பாடகி, நாடகங்களில் நடித்தவர். பிறகு குடும்பம் டெர்ரிக்கும், அங்கிருந்து அம்மாவின் ஊரான கார்க்குக்கும் வந்தது. பையனுக்கு ஒன்பது வயதில் முதல் கிடார். இரவு நேரங்களில் அமெரிக்கப் படையினருக்கான வானொலியும் ரேடியோ லக்சம்பர்கும்தான் ஆசான்கள். லானி டோனகன் பாடியதைக் கேட்டு, அந்தப் பாட்டெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போய் லெட்பெல்லியையும் மடி வாட்டர்ஸையும் கண்டுபிடித்தான். பள்ளிக்கூடம் போய்க்கொண்டே ஒரு ஷோபேண்டில் வாசித்துக் கொஞ்சம் சம்பாதிக்கவும் தொடங்கியிருந்தான்.

கிடாரின் விலை 100 பவுண்டு. 1963இல் அந்த வீட்டுக்கு அது எட்டாத தொகை. தவணையில் தருமாறு கடைக்காரரிடம் பேசி, அந்த ஆகஸ்டு மாதத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தான். எத்தனையோ பெரிய கலைஞர்கள் வாழ்நாளில் டஜன் கணக்கில் கிடார் மாற்றியிருக்கிறார்கள். இவர் அடுத்த முப்பதாண்டுகளுக்கு இதையே முதன்மையாகப் பிடித்துக்கொண்டார். வேறு கிடார்களும் வாங்கினார், மேடையில் வாசிக்கவும் செய்தார். ஆனால் ரோரி என்றால் இதுதான்.

1966இல் கார்க்கில் ‘டேஸ்ட்’ என்ற மூவர் குழுவைத் தொடங்கினார். அந்தக் காலகட்டத்தில்தான் டப்ளினில் கிடார் திருடுபோனது. காவல்துறை சார்பில் தொலைக்காட்சியில் அறிவிப்புக் கொடுக்கும் அளவுக்கு விஷயம் பெரிதானது. சில நாட்கள் கழித்து ஒரு பள்ளத்தில், மழையில் நனைந்து, கீறல்களோடு கிடந்தது கிடைத்தது. இனி இதை எந்தக் காலத்திலும் விற்பதில்லை என்று ரோரி அப்போதே முடிவுசெய்தார். அந்த வார்த்தையைச் சாகும்வரை காப்பாற்றினார்.

மழை ஆரம்பித்த வேலையை வியர்வை முடித்தது. அன்றைய ஃபெண்டர் பூச்சு மெல்லிய நைட்ரோசெல்லுலோஸ் அரக்கு. ஈரமும் உரசலும் தொடர்ந்தால் வெடித்து, செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். ரோரியின் கச்சேரிகள் இரண்டு மணி, மூன்று மணி நேரம் நீளும். கட்டம்போட்ட சட்டையும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு, மேடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடி, தரையில் மண்டியிட்டு, சட்டை உடம்போடு ஒட்டும்வரை வாசிப்பார். முழங்கை உரசும் இடம் முதலில் வெளுத்தது. பிறகு வயிறு உரசும் பின்புறம். எழுபதுகளின் நடுவில் மரம் வெளியே தெரிந்தது. கடைசியில் சன்பர்ஸ்ட் அங்கங்கே திட்டுத்திட்டாகத்தான் மிஞ்சியது. வருடக்கணக்கில் ஒரே கை பிடித்த கொத்தனாரின் கரண்டிப்பிடி மாதிரி ஆகிவிட்டது அது. மறுபூச்சு அடித்திருக்கலாம். அவர் அடிக்கவில்லை.

வியர்வை கழுத்துக்குள்ளும் இறங்கியது. ஈரம் ஏறி மரம் வளைந்துவிட்டது. நான்கு திருகாணிகளைக் கழற்றி, வேறொரு கழுத்தைப் பொருத்தி வாசித்துக்கொண்டே, அசல் கழுத்தைக் காயவைத்தார்கள். அது தன் நிலைக்குத் திரும்பியதும் மறுபடி மாட்டினார்கள். முறுக்காணிகள் மாறின, ஆறும் ஒரே ரகமாகக்கூட இல்லை. பன்னிரண்டாம் கட்டைக்கு அருகில் இருந்த புள்ளி ஒன்று விழுந்துவிட, அதற்குப் பதிலாக வைத்த பிளாஸ்டிக் புள்ளி மட்டும் பளிச்சென்று வெள்ளையாக நின்றது. பிக்கப்புகள், கட்டைகள், தகடு எல்லாம் காலப்போக்கில் மாறின. குமிழ்களின் இணைப்பையும் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே குமிழைத் திருகி, சுரத்தை அழவும் முனகவும் வைக்கும் வித்தைக்கு அது உதவியது. காலால் மிதிக்கும் ஒலிமாற்றிக் கருவிகளின் காலத்தில், அவர் நீண்ட நாள் நம்பியது ஒரு வாக்ஸ் ஏ.சி.30 ஒலிபெருக்கியையும் உச்சத் தொனியைத் தூக்கிக் கொடுக்கும் ரேஞ்ச்மாஸ்டர் என்ற சிறு பெட்டியையும்தான். லண்டனின் மார்க்கீ அரங்கில் டேஸ்ட் வாசித்து முடித்த பிறகும் போகாமல் காத்திருந்து, இந்த ஒலி எப்படி வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட மாணவர்களில் ஒருவர், பின்னாளில் குயின் குழுவின் கிடார்க்காரரான பிரையன் மே. கேட்டவருக்கு ரோரி எதையும் மறைக்கவில்லை. மே அந்த இரண்டையும் வாங்கினார். இன்றுவரை அவருடைய ஒலிக்கு அடிப்படை அதுதான்.

1968இல் க்ரீம் குழுவின் பிரிவுக் கச்சேரிக்கு முன்னால், 1970இல் ஐல் ஆஃப் வைட் திருவிழாவில் லட்சக்கணக்கானோர் முன்னால் என்று கிடார் உயர்ந்துகொண்டே போனது. அதே ஆண்டு இறுதியில் டேஸ்ட் உடைந்தது. 1971 முதல் ரோரி தன் பெயரிலேயே இயங்கினார். பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த ஜெர்ரி மக்அவாய் இருபது ஆண்டுகள் அவருடைய பேஸ் கிடார்க்காரராக இருந்தார். ‘டியூஸ்’, ‘டாட்டூ’, ‘காலிங் கார்ட்’ என்று வரிசையாக ஆல்பங்கள் வந்தன. 1972இல் வெளியான மடி வாட்டர்ஸின் ‘லண்டன் செஷன்ஸ்’ பதிவில் வாசிக்க, தன் கச்சேரியை முடித்த கையோடு ஓடினார். சிறுவயதில் வானொலியில் தேடிப் பிடித்த குரல் இப்போது அதே அறையில். 1975 ஜனவரியில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அவரை ராட்டர்டாமுக்கு அழைத்தது. மிக் டெய்லர் விலகிய இடம் காலியாக இருந்தது. சில நாட்கள் சேர்ந்து வாசித்தார். முடிவு எதுவும் சொல்லாமல் அவர்கள் இழுக்க, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஜப்பான் பயணத்துக்குக் கிளம்பிவிட்டார். தன் கச்சேரிக்குச் சீட்டு வாங்கியவர்களை ஏமாற்றக்கூடாது என்பதை அவர் அந்த அளவுக்கு எடுத்துக்கொண்டார்.

உலகின் சிறந்த கிடார்க்காரராக இருப்பது எப்படி இருக்கிறது என்று ஜிமி ஹென்ட்ரிக்ஸிடம் கேட்டபோது, ரோரியிடம் போய்க் கேளுங்கள் என்று சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. அப்படிச் சொன்னதற்கு எந்தப் பதிவும் இல்லை. ரோரிக்கு அந்தச் சான்றிதழ் தேவையும் இல்லை.

என்னைக் கேட்டால் இந்தக் கிடாரின் உச்சம் ஐல் ஆஃப் வைட்டும் அல்ல, லண்டனும் அல்ல; பெல்ஃபாஸ்ட். எழுபதுகளில் வட அயர்லாந்து பற்றி எரிந்துகொண்டிருந்தது. குண்டுவெடிப்புகள், சோதனைச்சாவடிகள், இருட்டியதும் காலியாகும் தெருக்கள். வெளியூர்க் குழுக்கள் பெல்ஃபாஸ்டைத் தங்கள் பட்டியலிலிருந்து அழித்துவிட்டன. ரோரி ஒவ்வொரு ஆண்டும் போனார். அல்ஸ்டர் ஹாலில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் புராட்டஸ்டன்ட் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் தோளோடு தோள் நின்று ஆடினார்கள். மேடையில் அவர் அரசியல் பேசியதில்லை, வாசித்தார், அவ்வளவே. 1974 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் நகரங்களில் வாசித்தவற்றிலிருந்து ‘ஐரிஷ் டூர் ’74’ உருவானது. டோனி பால்மர் அதைப் படமாகவும் எடுத்தார். அடுத்த ஆண்டு ஜூலையில், வடக்கே கச்சேரி முடித்து டப்ளினுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மயாமி ஷோபேண்டின் வண்டியை ஆயுதக் குழுவினர் மறித்து மூன்று இசைக்கலைஞர்களைக் கொன்றார்கள். எந்தச் சாலையில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துபோன பிறகும் ரோரி போவதை நிறுத்தவில்லை.

கடைசி ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல மனம் வரவில்லை. விமானப் பயணம் அவருக்குப் பயம். அதற்கு எழுதிக்கொடுத்த மாத்திரைகளும் மதுவும் சேர்ந்து ஈரலைக் கெடுத்தன. 1995 ஜனவரியில் நெதர்லாந்தில் கடைசியாக மேடையேறினார். லண்டனில் ஈரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. தேறிவருகிறார் என்று நினைத்திருந்தபோது மருத்துவமனைத் தொற்று பிடித்தது. ஜூன் 14 அன்று போய்விட்டார். வயது 47. கார்க்குக்குப் பக்கத்தில் பாலின்கோலிக்கில் அடக்கம். திருமணம் செய்துகொள்ளாதவர்; கிடார் தம்பி டோனலிடம் வந்தது. ஆரம்பத்திலிருந்தே அண்ணனுக்கு மேலாளராக, காவலாக இருந்தவர் அவர்.

அதன்பிறகு ஃபெண்டர் நிறுவனம் அதைப் பார்த்து நகல்கள் செய்து விற்றது. உரிந்த பூச்சு, பொருந்தாத முறுக்காணி, அந்த ஒற்றை வெள்ளைப் புள்ளி உட்பட எல்லாம் அப்படியே. பணம் கொடுத்தால் முப்பது வருடத் தேய்மானம் புதுப்பெட்டியில் வரும். விரும்பி வாங்குகிறவர்களைக் குறைசொல்லவில்லை; அன்பினால்தான் வாங்குகிறார்கள். ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தத் தழும்புகள் உழைத்து வந்தவை. அவற்றைத் தொழிற்சாலையில் சுரண்டி எடுப்பது ரோரியின் வாழ்க்கை சொன்னதற்கு நேர் எதிரானது. அவரைப் பின்பற்ற விரும்பும் ஓர் இளைஞன், கைக்கு எட்டும் விலையில் ஒரு பழைய கிடாரை வாங்கித் தானே தேய்க்கட்டும்.

2024இல் குடும்பம் கிடார்களை ஏலத்துக்கு விடப்போவதாக அறிவித்ததும் அயர்லாந்தில் பெரும் சலசலப்பு. அரசே வாங்க வேண்டும், நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்று கார்க்கிலிருந்து குரல்கள் எழுந்தன. யாரோ ஒரு கோடீஸ்வரரின் பெட்டகத்துக்குள் போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானதுதான். அக்டோபர் 17 அன்று லண்டனில் பொன்ஹாம்ஸ் நிறுவனம் ஏலம் நடத்தியது. கட்டணங்கள் உட்பட 8,89,400 பவுண்டுக்கு ஏலம் முடிந்தது. எடுத்தவர் அயர்லாந்தில் கச்சேரிகள் நடத்தும் டெனிஸ் டெஸ்மண்டின் நிறுவனம். எடுத்ததும் அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக அறிவித்துவிட்டது. பாலிஷானனில் ரோரிக்குச் சிலை இருக்கிறது, கார்க்கில் ஒரு சதுக்கத்துக்கு அவர் பெயர், 2025 ஜனவரியில் அல்ஸ்டர் ஹால் அருகே இன்னொரு சிலையும் எழுந்தது. இவற்றையெல்லாம்விட மக்கள் சொத்தாக இந்தக் கிடார் திரும்பி வந்ததுதான் பெரிய காரியம்.

அருங்காட்சியகத்தாரிடம் ஒரு கோரிக்கை உண்டு. கண்ணாடிக்குள் வைப்பது அவசியம்தான். என்றாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுக் கம்பி மாட்டி, தகுதியான ஓர் இளைய கலைஞர் கையில் கொடுத்து, கார்க்கிலோ பெல்ஃபாஸ்டிலோ அதை வாசிக்கவிட வேண்டும். வியர்வைக்குப் பயந்து ஒதுக்கிவைக்க வேண்டிய பூச்சு அதில் இனி எவ்வளவு மிச்சம்?

வாசகர்களுக்கு: ‘ஐரிஷ் டூர் ’74’ இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. ‘எ மில்லியன் மைல்ஸ் அவே’ பாடலில் தொடங்குங்கள். ஒலியைக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள்.