விறகிலிருந்து போர்முனைக்கு: 'ஸ்கீ' என்னும் சொல்லின் வரலாறு

பனிமேல் செல்வதற்காகக் காலில் பூட்டிக்கொள்ளும் நீண்ட, முனை வளைந்த மரப்பலகையைக் குறிக்கும் 'ஸ்கீ' என்ற சொல், ஸ்காண்டிநேவிய மொழிகளுக்கு மூலமான பழைய நார்ஸ் மொழியில் 'ஸ்கீத்' என வழங்கியது. பிளந்த மரத்துண்டு என்பதே அதன் பொருள். இதன் இனச்சொல்லாகிய 'ஷைட்' ஜெர்மன் மொழியில் இன்றும் விறகுக்கட்டையையே குறிக்கிறது. நார்வேயில் 'ஷீ' என ஒலிக்கப்படும் இச்சொல்லுக்கு, எழுத்தையொட்டிய 'ஸ்கீ' என்னும் ஒலிப்பே ஆங்கிலத்தில் நிலைத்தது. அண்டை நாடான பின்லாந்தோ இச்சொல்லைக் கடன் வாங்கவில்லை. அங்கு வழங்கும் 'சுக்சி' யுராலிக் மொழிக் குடும்பத்தின் பழஞ்சொல் ஆதலால், எழுத்து தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அப்பொருள் அம்மக்களின் அன்றாட வாழ்வில் இடம்பெற்றிருந்தது எனக் கொள்ளலாம்.

போருக்கு இச்சறுக்குக்கட்டை பயன்பட்டதும் பழைய செய்தியே. நார்வேயின் உள்நாட்டுப் போரில், 1206-ஆம் ஆண்டு, 'பிர்க்கெபெய்னர்' என்னும் கட்சியின் வீரர் இருவர் குழந்தையாக இருந்த இளவரசன் ஹோகோனைக் கட்டைமேல் பனிமலை கடந்து எடுத்துச் சென்று காத்தனர். ஆயினும் வீட்டுப் பொருளும் போர்க்கருவியும் பிரித்தறிய இயலாதபடி ஒன்றாகிவிட்ட இடம், 1939 நவம்பர் 30 அன்று சோவியத் படையெடுப்போடு தொடங்கி 105 நாள் நீடித்த பின்லாந்தின் குளிர்காலப் போரே ஆகும்.

அப்போரில் சீருடை போதாமையால், பலர் சொந்த உடைமேல் ஓர் இடைவாரும் தொப்பியில் ஒரு சின்னமும் மட்டும் அணிந்து போரிட்டனர். அக்கோலத்திற்கு அந்நாளைய பிரதமரின் பெயரால் 'காயாந்தர் மாதிரி' என மக்கள் பெயரிட்டனர். காலணியும் குடியானவருடையதே. 'பியெக்சு' எனப்படும் அத்தோல் காலணியின் நுனி அலகுபோல் மேல்நோக்கி வளைந்திருக்கும். கட்டையின் நடுவிலுள்ள தோல்வாருக்குள் காலை நுழைத்தால் அந்நுனி வாரில் மாட்டிக்கொள்ளும், காலைச் சற்றே பின்னிழுத்தால் கழன்றுவிடும். முடிச்சோ கொக்கியோ இல்லாத இவ்வமைப்பினால், குண்டு பாயும் வேளையில் கட்டையை ஒரு நொடியில் உதறித் தரையில் படுக்க முடிந்தது. கட்டையின் அடிப்பகுதி ஈரத்தை உறிஞ்சாதிருக்க ஊசியிலை மரத்திலிருந்து வடித்த தாரைச் சூடாக்கித் தடவும் வழக்கமும் காட்டு வாழ்விலிருந்து வந்ததே.

காட்டில் வெட்டிய விறகை ஒரு கன மீட்டர் அளவாக அடுக்கி, பின்னர் ஏற்றிச் செல்ல விட்டுவைக்கும் குவியலுக்கு பின்னிய மொழியில் 'மொத்தி' என்று பெயர். கனரக வண்டிகளோடு குறுகிய காட்டுச்சாலையை விட்டு விலக இயலாதிருந்த சோவியத் அணிவரிசையை, மரங்களினூடே கட்டைமேல் விரைந்து வந்த பின்னியர் பல துண்டுகளாக அறுத்துச் சூழ்ந்துகொண்டனர். அவ்வாறு சூழப்பட்ட ஒவ்வொரு துண்டும் 'மொத்தி' எனப்பட்டது. 1940 சனவரியில் ராத்தே சாலையில் இவ்வாறு சூழப்பட்டு அழிந்த சோவியத் 44-ஆம் டிவிஷன் உக்ரைனிலிருந்து வந்தது. விறகுக் குவியல் என்னும் அந்த எளிய சொல்லுக்குள், கடுங்குளிரிலும் பசியிலும் உறைந்து மாண்ட ஆயிரக்கணக்கான இளைஞர் அடங்கியுள்ளனர் என்பதை இவ்வுத்தியின் திறத்தைப் புகழ்வோர் மறக்கலாகாது.

பிற நாடுகளிலும் குடிமக்களின் கட்டை போரிலிருந்து தப்பவில்லை. கிழக்குப் போர்முனையில் குளிருக்கு ஆயத்தமின்றிச் சிக்கிய தன் படைக்காக, 1941 டிசம்பரில் ஜெர்மன் அரசு மக்களிடம் கம்பளி உடைகளோடு சறுக்குக்கட்டைகளையும் கேட்டுத் திரட்டியது. ஜெர்மன் ஆக்கிரமிப்புக்கு உட்பட்ட நார்வேயிலோ, ஆக்கிரமிப்பாளர் கைப்பற்றிய விளையாட்டு அமைப்பில் பங்கேற்க மறுத்து விளையாட்டு வீரர்கள் போட்டிகளைப் புறக்கணித்தனர். 1943 பிப்ரவரியில் அந்நாட்டின் வேமோர்க் கனநீர் ஆலையைத் தகர்த்த நார்வேஜியருள் ஐவர் சறுக்குக்கட்டையிலேயே சுவீடனை அடைந்தனர்.

தமிழில் வழங்கும் 'பனிச்சறுக்கு' என்பது செயலைக் குறிக்கும் சொல், கருவியைக் குறிப்பதன்று. சரிவில் இறங்கும் கேளிக்கையையே அது நினைவூட்டுவதால், சமநிலக் காட்டில் சுமையோடு நாள் முழுதும் நடந்த உழைப்பு அதில் மறைந்துபோகிறது. விறகுக்கும் மிதியடிக்கும் பொய்க்காலுக்கும் பொதுவாக வழங்கும் 'கட்டை' என்னும் சொல் பழைய நார்ஸ் மூலத்தோடு பொருளளவில் நன்கு ஒத்திருக்கிறது. ஆனால் இப்போர்களின் வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் கருவியைப் 'பனிக்கட்டை' என்று எழுதுவாராயின் உறைபனிக்கட்டியோடு குழப்பம் நேரக்கூடும். ஆதலால் 'சறுக்குக்கட்டை' என்று எழுதுவதே தகும்.