கஞ்சாவில் எந்த வகை மருந்தாகும்? நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

புற்றுநோய் வலி, தூக்கமின்மை, குழந்தைகளின் கட்டுப்படாத வலிப்பு ஆகியவற்றால் அவதியுறும் குடும்பத்தினர், "கஞ்சாவில் எந்த வகை நல்லது?" என்று மருத்துவரிடம் கேட்பதுண்டு. இண்டிகா உறக்கம் தரும், சட்டைவா சோர்வை நீக்கும் என்று இணையத்தில் எழுதப்படுகிறது. விற்போரோ இடுக்கி, சீலாவதி எனப் பெயர் சொல்கின்றனர். இக்கேள்விக்கான விடை சுருக்கமானது: வகையின் பெயர், அதிலுள்ள மருந்துப் பொருளின் அளவைச் சொல்லாது. அளவு தெரியாத பொருள் மருந்தாகாது.

வகைப் பெயர்கள் எவ்வாறு வந்தன?

1753-ஆம் ஆண்டு லின்னேயஸ் இச்செடிக்குக் கன்னாபிஸ் சட்டைவா எனப் பெயரிட்டார். 1785-இல் லாமார்க் இந்தியச் செடிகளைக் கண்டு, அவற்றை இண்டிகா எனத் தனியாகப் பிரித்தார். உயரம், கிளை, இலையின் வடிவம் போன்ற தோற்ற வேறுபாடுகளே இதற்கு அடிப்படை. எந்த நோய்க்கு எது ஏற்றது என்று கூறுவதற்காக இப்பெயர்கள் இடப்படவில்லை. இன்று இப்பெயர்களில் விற்கப்படும் செடிகள் பெரும்பாலும் கலப்பினங்களே.

உடலில் செயல்படுவது எது?

இச்செடியின் வேதிப்பொருட்களுள் முக்கியமானவை இரண்டு.

• டி.எச்.சி.: போதை தருவது. குமட்டலையும் சில வகை வலியையும் குறைக்கக்கூடும். படபடப்பு, அச்சம், மனக்குழப்பம் ஆகியவற்றையும் உண்டாக்கும்.
• சி.பி.டி.: போதை தராதது. சில வகை வலிப்பு நோய்களில் பயன் தருவது.

ஒரே செடியிலும் பூ, இலை, விதை ஆகியவற்றில் இவற்றின் அளவு வேறுபடும். விளைந்த நிலம், அறுவடைக் காலம், சேமித்த முறை ஆகியவற்றாலும் மாறும். கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ இதை அறிய இயலாது. புகைத்தால் சில நிமிடங்களில் விளைவு தெரியும். உண்டால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். "ஒன்றும் தெரியவில்லையே" என்று மீண்டும் உண்பதால் அளவு மிஞ்சிவிடுகிறது.

மருத்துவத்தில் பயன் உண்டா?

உண்டு, ஆனால் அது குறுகியது. லெனாக்ஸ்-கஸ்டோ, டிராவே எனும் அரிய வலிப்பு நோய்களுக்கு, தூய்மையாக்கி அளவிடப்பட்ட சி.பி.டி. திரவ மருந்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் அனுமதித்தது. கீமோதெரபி குமட்டலுக்கு டி.எச்.சி. சார்ந்த மாத்திரைகள் சில நாடுகளில் உள்ளன. வலிக்குக் கஞ்சாவைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2021-இல் அறிவித்தது. கஞ்சா எண்ணெய் புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்குச் சான்று இல்லை. அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது உயிருக்கு ஆபத்தாகும்.

யார் கட்டாயம் தவிர்க்க வேண்டும்?

• கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார்
• சிறுவர், இளம் வயதினர்
• மனச்சிதைவு நோய் உள்ளோர், குடும்பத்தில் அந்நோய் இருந்தோர்
• இதய நோயாளிகள்
• வார்ஃபரின், குளோபசாம், வால்புரோயேட் போன்ற மருந்துகளை உட்கொள்வோர்

ஏற்கெனவே பயன்படுத்தி வந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். சிகிச்சையைப் பாதுகாப்பாக அமைக்க அது உதவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1985-ஆம் ஆண்டின் போதைப் பொருட்கள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டப்படி, கஞ்சா என்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதி. அதன் வகைப் பெயர் எதுவாயினும் சட்டம் ஒன்றே. ஒரு கிலோ வரை வைத்திருந்தாலும் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். நோயாளிக்காக வாங்கினேன் என்பதால் மட்டும் விலக்குக் கிடைக்காது. போதைக்கு அடிமையானவர் தாமாகச் சிகிச்சைக்கு முன்வந்தால், சிறிய அளவு தொடர்பான வழக்கில் பாதுகாப்புப் பெற இச்சட்டத்தின் 64-ஏ பிரிவு வழி செய்கிறது.

கஞ்சா விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க 2021-இல் அனுமதி அளிக்கப்பட்டது. அவை உணவுப் பொருட்களே; வலிக்கோ வலிப்புக்கோ மருந்தல்ல.

சித்த, ஆயுர்வேத மருந்துகள்

இம்மருத்துவ முறைகளில் சுத்தி செய்யப்பட்ட கஞ்சா சேரும் மருந்துகள் உள்ளன. மருந்துச் சட்ட விதிகளின் நச்சுப் பொருட்கள் அட்டவணையில் கஞ்சா இடம் பெற்றுள்ளதால், அம்மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும். உரிம எண் இல்லாத லேகியத்தையும் எண்ணெயையும் வாங்க வேண்டாம். ஐயம் இருப்பின் அரசு சித்த மருத்துவரிடமோ, நாகர்கோவில் கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியிலோ கேட்டறியலாம்.

வலி தாங்க முடியாதபோது என்ன செய்வது?

கஞ்சாவைத் தேடும் பல குடும்பங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது முறையான வலி நிவாரணம். கடும் புற்றுநோய் வலிக்கு முதன்மையான மருந்து மார்ஃபின். 2014-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் அது கிடைப்பதை எளிதாக்கியது. "மார்ஃபின் கொடுத்தால் முடிவு நெருங்கிவிட்டது" என்ற எண்ணம் தவறு. மருத்துவர் கூறும் அளவில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைக்காது. உண்ணவும் உறங்கவும் உதவும். மலச்சிக்கல் ஏற்படும் என்பதால் அதற்கான மருந்தையும் சேர்த்துக் கேளுங்கள். குமட்டலுக்கு ஒன்டன்செட்ரான் போன்ற மருந்துகள் உள்ளன.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவரிடம் வலியைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் சிகிச்சை பெறுவோர் அங்கேயே கேட்கலாம். படுக்கையில் இருப்போர், 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீட்டிலேயே ஆதரவு சிகிச்சை பெற, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். வலி எப்போது வருகிறது, பத்துக்கு எத்தனை என்னும் அளவில் உள்ளது என்று ஒரு நோட்டில் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்: மார்வலி, மூச்சுத்திணறல், நினைவிழப்பு, வலிப்பு, குழந்தை தவறுதலாகக் கஞ்சா கலந்த உணவை உண்ணுதல்.

மருத்துவ ஆலோசனைக்கு 104. மனநல ஆலோசனைக்கு 14416. போதை மீட்பு உதவிக்கு 14446.