உலக்கை ஓய்ந்த பின்

ஒரு ஜனசமூகத்தின் தேகம் பருப்பதும் மெலிவதும் தனிமனிதர் ஒவ்வொருவருடைய நாவடக்கத்தை மட்டுமே பொறுத்தவை என்று எண்ணுவது வழக்கமாயிருப்பினும், அவர்கள் உண்ணும் தானியம் எந்த நிலத்தில் விளைந்து, எவர் கையால் உமி நீங்கி, என்ன விலைக்கு அடுக்களை வந்து சேர்கிறது என்பதையும் அது பெரிதும் பொறுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் நெல் குத்தும் தொழில் செழித்திருந்து, தளர்ந்து, ஏறக்குறைய முற்றும் மறைந்துபோன வரலாற்றைப் பார்த்தால் இந்த உண்மை தெளிவாகத் துலங்கும்.

தமிழர் என்றாலே அரிசி உண்பவர் என்ற அபிப்பிராயம் இன்று வேரூன்றிவிட்டது. ஆனால் காவிரி, தாமிரபரணி முதலிய ஆறுகள் பாயும் நன்செய்ப் பிரதேசங்களை விட்டு நீங்கினால், வானம் பார்த்த பூமியில் வாழ்ந்த குடியானவர்களுக்குப் பல தலைமுறைகளாகச் சோளமும் கம்பும் கேழ்வரகும் சாமையும் வரகுமே நித்திய ஆகாரமாக இருந்தன. அவ்வீடுகளில் நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும், கல்யாணத்துக்கும் விருந்தாளி வருகைக்கும் உரிய விசேஷம். மற்ற நாட்களில் விடியலில் கம்பங்கூழோ கேழ்வரகுக் கூழோ குடித்து வயலுக்குப் போனவர்கள், பொழுது சாயும்வரை ஏரிலும் ஏற்றத்திலும் மண்வெட்டியிலும் உழைத்துவிட்டு, இரவில் களியோ சோளச்சோறோ உண்டு உறங்கினார்கள். சரீரம் பருத்தல் என்பது மிராசுதாரருக்கும் வட்டிக்கடைக்காரருக்கும் வாய்க்கக்கூடிய பாக்கியமாகவே அந்நாளில் கருதப்பட்டது.

நெல் விளைந்த ஊர்களிலும் அரிசி எளிதில் அரிசியாகிவிடவில்லை. முதல் நாள் ஊறவைத்த நெல்லை மறுநாள் அண்டாவில் இட்டு, உமி வாய் பிளக்கும்வரை அவித்து, களத்தில் பரப்பி, காலால் கிளறிக் கிளறி உலர்த்தி, ஒரு மணியை எடுத்துப் பல்லிடைக் கடித்துப் பதம் பார்த்த பிறகே அது உரலுக்கு வரும். உரலின் வாயில் மணி சிதறாதபடி குந்தாணியைப் பொருத்தி, இரும்புப் பூண் கட்டிய உலக்கைகளை ஏந்தி எதிரெதிரே நிற்கும் பெண்கள் இருவர், ஒருத்தியின் உலக்கை இறங்கும்போது மற்றவளுடையது ஏறும்படி இடைவிடாது குத்துவார்கள். முறத்தில் புடைத்து உமியை நீக்கியபின், மறுபடியும் உரலில் இட்டுத் தீட்டித் தவிட்டைப் பிரிப்பார்கள். நொய்யைக் கொழித்து வேறாக்குவார்கள். கூலிக்குக் குத்தியவர்கள் பல இடங்களில் நொய்யையும் தவிட்டையுமே ஊதியமாகவோ, ஊதியத்தின் ஒரு பகுதியாகவோ பெற்றார்கள். இந்த வேலையின் தாளத்துக்கு இசைந்து பிறந்த வள்ளைப்பாட்டு, சிலப்பதிகாரத்தில் இடம்பெறும் அளவுக்குத் தொன்மை வாய்ந்தது.

இங்கே இரண்டு விஷயங்களைக் கருத வேண்டும். எத்தனை பேர் எத்தனை நாழிகை தீட்டினாலும் மனிதக் கை குத்திய அரிசியில் தவிட்டின் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டே இருந்தது என்பது ஒன்று. அரிசியை உண்ணும் வீட்டார் பலர், உண்பதற்கு முன்பே அதன் பொருட்டுத் தம் தோளாலும் இடுப்பாலும் கணிசமான சக்தியைச் செலவிட்டிருந்தார்கள் என்பது மற்றொன்று. உணவும் உழைப்பும் ஒரே உரலில் பிணைந்திருந்தன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நெல் அரைக்கும் ஹல்லர் யந்திரங்கள் பட்டணங்களிலும், பின்னர் கிராமங்களிலும் பரவியபோது, அந்தப் பிணைப்பு அறுந்தது. ஒரு குடும்பம் பொழுதெல்லாம் பாடுபட்டுக் குத்தும் நெல்லை ஆலை சில நிமிஷங்களில் அரைத்துத் தள்ளியது. உலக்கை பிடித்துக் கை காய்த்துப்போன பெண்களுக்கு அது மெய்யான விடுதலையாக இருந்தது என்பதை மறைப்பது நியாயமாகாது. அதே சமயம், குத்துக்கூலியை நம்பி ஜீவனம் செய்த ஏழைப் பெண்கள் பலர் பிழைப்பை இழந்ததையும் மறக்கலாகாது. வெளுத்த அரிசி அந்தஸ்தின் அடையாளமாயிற்று. தவிட்டோடு நார்ச்சத்தும், எண்ணெய்ப் பசையும், தயாமின் என்னும் வைட்டமினில் பெரும்பகுதியும் ஆலையின் மூலையிலேயே தங்கி, மாட்டுத் தீவனமாகப் போய்ச் சேர்ந்தன.

இந்த இழப்பு என்ன செய்யும் என்பதை உலகுக்கு முதலில் உணர்த்தியது ஜாவாத் தீவு. அங்கே 1890-களில் டச்சு வைத்தியரான எய்க்மான், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் பெரிபெரி நோயை ஒத்த வாதத்தால் சாய்வதையும், தவிடு சேர்ந்ததும் அவை தேறுவதையும் கண்டார். அந்த ஆராய்ச்சி 1929-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கைத் தேடித் தந்தது. அந்நாளைய சென்னை ராஜதானியில் பெரிபெரி மிகுதியாகத் தலைகாட்டியது, ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட, இன்றைய ஆந்திரக் கடலோரமான வட சர்க்கார் ஜில்லாக்களில்தான். தமிழ் ஜில்லாக்களைப் பெரும்பாலும் காத்தது புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயாமினில் ஒரு பகுதி மணியின் உட்புறம் இறங்கிவிடுவதால், பிறகு தீட்டினாலும் அது முழுதும் அழிவதில்லை.

இத்தகைய உணவுக் குறை நோய்களை ஆராய்வதற்காகவே நீலகிரியிலுள்ள குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், 1918-இல் வைத்தியரான ராபர்ட் மக்காரிசன் தம் பணியைத் தொடங்கினார். அவர் செய்த பரிசோதனைகளுள் ஒன்று தமிழர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. ஒரே வயதும் ஒத்த எடையும் கொண்ட எலிக்குஞ்சுகளைக் கூட்டங்களாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சீக்கியரின் உணவையும், மற்றவற்றுக்குப் பட்டாணியர், மராட்டியர், கூர்க்காக்கள், கன்னடியர், வங்காளிகள், சென்னை ராஜதானியார் ஆகியோரின் உணவுகளையும் கொடுத்து வளர்த்து நிறுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் நெய்யும் பருப்பும் காய்கறியும் பெற்ற சீக்கியக் கூட்டமே எடையில் முதலிடம் பெற்றது. தீட்டிய அரிசியே பெரும்பகுதியாக அமைந்த சென்னைக் கூட்டம் கடைசியில் நின்றது. ஒரே இனத்துப் பிராணியின் எடையை ஆகாரம் ஒன்றே எவ்வளவு மாற்றவல்லது என்பதை இந்தத் தராசு மறுக்க இடமின்றிக் காட்டிற்று. அன்று நம்மவர் கவலையெல்லாம் மெலிவைப் பற்றியதே என்பதும் இதனால் விளங்கும்.

மக்காரிசனுக்குப் பின் குன்னூர் ஆய்வுக்கூடத்தின் தலைமை ஏற்ற அய்க்ராய்ட், 1940-இல் சகாக்களுடன் சேர்ந்து இந்தியாவின் அரிசிப் பிரச்சினையைப் பற்றி விரிவான ஆய்வறிக்கை வெளியிட்டார். அந்த அறிக்கைக்கு முன்னரே காந்தியடிகள் கைக்குத்தலரிசிக்காக வாதாடினார். 1934-இல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய தஞ்சாவூர்க்காரரான ஜே. சி. குமரப்பா, தவிட்டைக் காப்பதும் கிராமத்துப் பெண்களின் கூலியைக் காப்பதும் ஒரே தர்மத்தின் இரு பக்கங்கள் எனக் கண்டு உழைத்தார். சுதந்திரத்துக்குப் பின், 1958-இல், அரிசி ஆலைகளைக் கட்டுப்படுத்திக் கைக்குத்தலுக்கு இடம் தரும் நோக்கத்துடன் மத்திய சர்க்கார் சட்டமே இயற்றியது. எனினும் ஆலை அரிசியின் விலைக் குறைவுக்கும், நேர மிச்சத்துக்கும், வெண்மையின் மோகத்துக்கும் எதிரே இம்முயற்சிகள் நிற்க இயலவில்லை.

நிற்க இயலாமற் போனதற்கு அவற்றைக் காட்டிலும் ஆழமான காரணம் பசி. இரண்டாம் உலக யுத்த காலத்துப் பங்கீட்டு வரிசைகளை அனுபவித்த ஜனங்களுக்கு அரிசியே அரசியலாயிற்று. 1952-இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியதும், 1956-இல் காமராஜர் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கியதும், 1967-இல் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற வாக்குறுதி தேர்தலில் முழங்கியதும், 1982-இல் சத்துணவுத் திட்டம் விரிந்ததும், 2011 முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைப்பதும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். இந்தச் சங்கிலியால் பட்டினி பின்வாங்கியது. இதனினும் உயர்ந்த சாதனை ஓர் அரசுக்கு அரிது. ஆனால் அதே காலத்தில் புன்செய்த் தானியங்கள் தட்டிலிருந்து மெல்ல விலகின. விசேஷ நாளின் சோறு மூன்று வேளைக்கும் உரியதாயிற்று.

பட்டினி நீங்கிய இடத்தில்தான் ஸ்தூல சரீரம் வந்து அமர்ந்தது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ள பெண்கள் 2015-16-இல் நூற்றுக்கு 30.9 பேராக இருந்து, 2019-21-இல் 40.4 ஆக உயர்ந்தனர்; ஆண்கள் 28.2-இலிருந்து 37 ஆயினர். இதன் பழியை அரிசி ஒன்றின்மீது மட்டும் சுமத்துவது பிழை. நம் பாட்டனார்களில் அரிசி உண்டவர்களும் பெரும்பாலும் ஒல்லியாகவே இருந்தார்கள். அவர்கள் உண்ட அரிசியில் தவிடு இருந்தது, உண்டபின் காத்திருக்கும் உழைப்பு இருந்தது, எண்ணெயும் சர்க்கரையும் சிக்கனமாக இருந்தன. இன்றோ, நார் நீங்கிய மாவுச்சத்து விரைவில் ஜீரணமாகி இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. மாவுச்சத்தின் ஒரு கிராம் நான்கு கலோரி தருமெனில், எண்ணெயின் ஒரு கிராம் ஒன்பது கலோரி தருகிறது. இவற்றைச் செலவழிக்க வேண்டிய தேகமோ நாற்காலியிலும் வாகனத்திலும் அமர்ந்திருக்கிறது. மிஞ்சிய சக்தி கொழுப்பாகச் சேர்வது இயற்கை. இடுப்பைச் சுற்றிச் சேரும் அக்கொழுப்பே நீரிழிவுக்கும் வழி கோலுகிறது.

ஆகவே, பருத்தவரைப் பார்த்துத் தின்பதைக் குறை என்று உபதேசிப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அவருடைய தட்டில் வெள்ளைச் சோற்றை நிறைத்தது அவருடைய பேராசை மாத்திரமன்று. ஆலையும் சந்தையும், நாம் எல்லோரும் கூடி விரும்பிய ஓர் அரசியலும் அதில் பங்கு கொண்டன. மீண்டும் பெண்களின் கையில் உலக்கையைக் கொடுப்பதும் பரிகாரமாகாது. அந்தச் சுமை இறங்கியது இறங்கியதாகவே இருக்கட்டும். உமியை மட்டும் நீக்கித் தவிட்டை விட்டுவைக்கும் ரப்பர் உருளை யந்திரங்கள் இன்று இருக்கின்றன. நீலகிரி, தர்மபுரி ஜில்லாக்களின் நியாயவிலைக் கடைகளில் 2023 முதல் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. பசியைத் துரத்துவதற்கு நாம் காட்டிய ஊக்கத்தில் ஒரு பங்கையாவது, கொடுக்கும் தானியத்தின் தரத்தைச் சீர்படுத்துவதிலும், கூடவே பருப்பும் கீரையும் ஏழையின் விலைக்கு எட்டும்படி செய்வதிலும் காட்டினால், வயிறு நிறைந்தும் தேகம் நலம் பெறாத இந்நிலை மாறும். குமரப்பா போன்றோர் கேட்டதும் இதைவிட அதிகமன்று.