ரேந்தை: நூலும் துளையும்

வெயில் காலத்துக்கு ஏற்ற துணியை இரண்டு வழிகளில் உண்டாக்கலாம். நூலை இயன்ற மட்டும் மெலிதாக நூற்று, உடலில் கிடப்பதே தெரியாத அளவுக்கு நுண்மையாக நெய்வது ஒரு வழி. தமிழ் மரபு விரும்பித் தேர்ந்தது இதைத்தான். சங்கப் புலவர்கள் நல்ல கலிங்கத்துக்குப் பாம்பின் சட்டையையும் ஆவியையும் புகையையும் உவமை சொன்னார்கள். நூல் எவ்வளவு மெலிது என்பதே அங்கே வியப்பு. இன்னொரு வழி, நூல் எப்படியும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டுத் துணியில் துளைகளை வைப்பது. இந்த இரண்டாவது வகைக்கு நம்மிடம் பழைய பெயர் கிடையாது. போர்த்துக்கீசியரின் 'ரெந்தா' என்ற சொல் தமிழில் 'ரேந்தை' ஆயிற்று. பிறகு வந்த ஆங்கில 'லேஸ்' அதையும் ஓரங்கட்டிவிட்டது. எனக்கு ரேந்தை என்ற சொல்லின் மேல் ஒரு பற்று உண்டு. இக்கட்டுரையில் அதையே பயன்படுத்துகிறேன்.

ரேந்தைகளில் ஊசியால் தைப்பது உண்டு, திண்டின் மேல் குண்டூசி குத்தி நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது உண்டு. இவை இரண்டும் பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலேயே உருப்பெற்றுவிட்டவை. மூன்றாவதான குரோஷா, அதாவது கொக்கி ஊசிப் பின்னல், இவற்றோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் அது ஐரோப்பிய வீடுகளில் பரவுகிறது. நம் ஊரில் கான்வென்டுப் பள்ளிகளின் வழியாக நுழைந்து, வானொலிப் பெட்டிக்கும் பின்னர் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் உறையாகி, ஒயர்க் கூடைகளோடு சேர்த்து 'பொழுதுபோக்குக் கைவேலை' என்று எண்ணப்பட்டுவிட்டது. அந்த எண்ணத்தில் உள்ள பிழையைப் பற்றியதே இக்கட்டுரை.

குரோஷாவின் இயல்பைச் சற்று விளக்க வேண்டும்; மற்றதெல்லாம் அதிலிருந்து தொடர்வதுதான். ஒரே ஒரு கொக்கி, ஒரே ஒரு நூல். ஒரு கண்ணியின் வழியே நூலை இழுத்து அடுத்த கண்ணியை உண்டாக்க வேண்டும். கம்பளிச் சட்டை பின்னும் இரட்டை ஊசி வேலையில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஊசியில் திறந்தபடியே இருக்கும். குரோஷாவில் ஒவ்வொரு கண்ணியும் அடுத்தது தொடங்குமுன் மூடப்பட்டுவிடும்; கொக்கியில் எப்போதும் ஒன்றிரண்டு கண்ணிகளே உயிரோடு இருக்கும். ஆகவே கொக்கி எந்த இடத்திலும் நுழையலாம், எந்தத் திசையிலும் திரும்பலாம். வட்டமாகச் சுற்றலாம், இதழ் இதழாக விரியலாம். இந்தச் சுதந்திரமே எந்திரத்துக்கு எமனாயிற்று. இரட்டை ஊசி வேலையைச் செய்யும் சட்டகத்தை வில்லியம் லீ 1589இலேயே செய்துவிட்டார். திண்டு ரேந்தையின் வலைத்தளத்தைப் பின்னும் எந்திரத்துக்கு ஜான் ஹீத்கோட் 1809இல் காப்புரிமை பெற்றார். குரோஷாவை ஆலையில் பெருமளவில் பின்னித் தள்ளும் எந்திரம் மட்டும் இன்றுவரை வரவில்லை. அதைப் போலத் தோன்றுவதைச் செய்யும் எந்திரங்கள் உண்டு. அதையே செய்வது இல்லை. கடையில் தொங்கும் ஒரு சட்டை மெய்யாகவே குரோஷா என்றால், அதன் ஒவ்வொரு கண்ணியையும் யாரோ ஒருவரின் விரல்கள் இழுத்திருக்கின்றன.

மேற்சட்டை பின்னுவோர் அறிந்த இன்னொரு சங்கதியும் உண்டு. குரோஷா நூலை விழுங்கும் வேலை. நெருக்கமாகப் பின்னினால் துணி தடித்துப் பலகையாகும். பருத்தி நூல் கம்பளியைப் போல மீண்டு சுருங்காததால், சட்டை தன் பாரத்தாலேயே கீழே இழுபட்டு நீண்டு தொங்கும். கோடைக்கான சட்டை என்றால் அது ரேந்தையாகத்தான் இருக்க வேண்டும், வேறு வழியில்லை. சங்கிலிக் கண்ணிகளை நீட்டி, உயரமான கண்ணிகளை இடைவெளி விட்டு நிறுத்தி, துணியில் நூலைவிடக் காற்று மிகுதியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். நூலின் எண் கூடக்கூட இழை மெலியும்; கொக்கியும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கும் கீழே இறங்கும். முடிந்ததும் நனைத்து, பலகையில் விரித்து, ஓரமெல்லாம் குண்டூசி குத்தி உலரவிட்டால்தான் துளைகள் கண் திறக்கும். (கண்ணிகளின் பெயர்களில் பிரிட்டனும் அமெரிக்காவும் இன்றும் உடன்படவில்லை. ஒருவர் 'இரட்டை' என்பதை மற்றவர் 'ஒற்றை' என்பார். அமெரிக்கக் குறிப்பைப் பிரிட்டிஷ் வழக்கில் படித்துப் பின்னினால், சட்டை குழந்தைக்குத்தான் பொருந்தும்.)

இந்த எளிய கருவியை ஒரு நாட்டின் பிழைப்பாக மாற்றியது ஒரு பஞ்சம். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் விழுந்தது. 1841இல் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் 65 லட்சமாகக் குறைந்தது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மடிந்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பல் ஏறினார்கள். தெற்கே கார்க் நகரத்துப் பிளாக்ராக்கில் உர்சுலைன் கன்னியர் குரோஷா கற்பித்தார்கள். வடக்கே மானகன் மாவட்டத்துக் குளோன்ஸில் பங்குக் குருவின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட், கில்டேரிலிருந்து ஆசிரியரை வரவழைத்து 1847இல் வகுப்புகளைத் தொடங்கினார். எலியனோர் ரியேகோ த லா பிராஞ்சார்தியேர் என்ற பெண்மணி வெனிஸ் நகரத்துப் பழைய ஊசி ரேந்தையின் தோற்றத்தைக் கொக்கியால் கொண்டுவரும் முறைகளை நூல்களாக அச்சிட்டுப் பரப்பினார். வெனிஸ் ரேந்தை ஊசியால் மாதக்கணக்கில் தைப்பது. அதே சாயலைக் கொக்கி அதில் ஒரு பங்கு நேரத்தில் தந்தது. பசித்திருப்பவருக்கு நேரத்தின் கணக்கு முக்கியம்.

ஐரிஷ் ரேந்தையின் செய்முறை சுவையானது. சட்டையை அடியிலிருந்து வரிசை வரிசையாகப் பின்னிக்கொண்டு போவதில்லை. ரோஜா, முக்கவர் இலை, திராட்சைக் கொடி என்று தனித்தனி உருக்களை, உள்ளே ஒரு தடித்த நூலை வைத்து மேலே கண்ணிகளால் போர்த்திப் புடைப்பாகப் பின்னுவார்கள். பிறகு சட்டையின் வடிவம் வரைந்த துணியில் அவற்றைக் கவிழ்த்து வைத்துத் தைத்து, இடைவெளிகளை மெல்லிய வலையால் நிரப்புவார்கள். குளோன்ஸ்காரர்கள் அந்த வலையின் கண்களில் ஒரு சிறு முடிச்சை இட்டார்கள். அது இன்றும் அவ்வூர்ப் பெயராலேயே அழைக்கப்படுகிறது. எல்லாம் முடிந்ததும் அடித்துணியைக் கழற்றிவிட்டால் பூக்கள் காற்றில் நிற்கும். ஒரு வீட்டார் ஓர் உருவில் தேர்ந்தவராக இருப்பார்கள். அதன் நுணுக்கத்தை அண்டை வீட்டுக்குச் சொல்லமாட்டார்கள். கரிமண் எரியும் குடிசைக்குள் வெள்ளை நூலை வெள்ளையாகவே காப்பது தனித்திறமை. ரேந்தைக் காசில் நிலக்கிழாருக்குக் குத்தகை போயிற்று, அமெரிக்கக் கப்பலுக்குக் கட்டணம் சேர்ந்தது. ஒரு பெண் பின்னிய காசில் அவள் தம்பி நாட்டைவிட்டுப் போவான்.

1900க்கும் 1914க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் ஐரிஷ் குரோஷா மேற்சட்டை பாரிசிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் கோடைக்கால நாகரிகத்தின் அடையாளமாக இருந்தது. அருங்காட்சியகங்களில் இன்று நாம் காண்பவை பெரும்பாலும் இக்காலத்தவை. கழுத்து வரை மூடி, முழங்கைக்குக் கீழே நீண்டு, அடியில் இறுக்குக் கச்சோடு அணிந்த ஒன்றைக் கோடைச் சட்டை என்பது நமக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். அவர்கள் கோடை அவ்வளவுதான்! இதற்குள் சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் நகரத்தார் ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு துணிமேல் எந்திரத்தால் ஐரிஷ் உருக்களைத் தையல்பூவாகப் போட்டு, பிறகு அடித்துணியை வேதிப்பொருளில் கரைத்துவிடுவது. எஞ்சுவது ரேந்தை போலவே இருக்கும். போலியின் மலிவும், 1914இல் மூண்ட போரும், போருக்குப் பின் மாறிய உடை ரசனையும் சேர்ந்து ஐரிஷ் தொழிலை முடித்துவைத்தன.

பஞ்சமும் மதகுருவின் மனைவியும் கைவேலையும் சேர்ந்து வரும் இந்தக் கதை தமிழ் வாசகருக்குப் புதிதன்று. கசாண்ட்ரா ஹேண்டுக்குக் கால் நூற்றாண்டு முன்பே நாகர்கோவிலில் லண்டன் மிஷனின் மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை கற்பித்திருந்தார். அது திண்டு ரேந்தை, குரோஷா அன்று. அந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. மார்த்தாவின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, அதே வேலையை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். ஒப்பிலக்கணம் எழுதியவரை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நினைவுகூர்கிறோம். அவர் வீட்டிலேயே நடந்த ரேந்தைப் பள்ளியைப் பாடத்திட்டம் கண்டுகொள்வதில்லை.

அந்த நாகர்கோவில் பெண்களின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களில் பலர் மார்பை மூடும் உரிமை மறுக்கப்பட்ட சாதிகளில் பிறந்தவர்கள். மிஷனரிப் பெண்கள் தைத்துக் கொடுத்த குப்பாயத்தை அணிந்ததற்காகவே 1820களில் தெருவில் தாக்கப்பட்டார்கள், ஆடை கிழிக்கப்பட்டது. 1858-59இல் கலவரம் மீண்டும் வெடித்து, 26-7-1859 அன்று வெளியான திருவிதாங்கூர் அரசாணையே நாடார் பெண்களுக்கு மேலாடை அணிய அனுமதி தந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்களின் பாணியில் அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. இந்த ஆண்டுகள் நெடுகிலும் அதே ஊர்ப் பெண்களின் விரல்கள் ஐரோப்பியச் சீமாட்டிகளின் மேலாடைக்கு ஓரப் பின்னலைப் பின்னிக்கொண்டிருந்தன. தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதியவர் மிகச் சிலரே.

குரோஷா இந்தியாவில் வேரூன்றிய இடம் இன்னும் வடக்கே, கோதாவரியின் கழிமுகத்தில் உள்ள நர்சாபூர். அங்கும் தொடக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனரிகள்தாம். அங்கும் முதலில் கற்றவர்கள் கிறித்தவரான ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள். பின்னர் நிலமுடைய காப்பு சாதி வீடுகளுக்குள்ளும் கொக்கி நுழைந்தது. 1978-79இல் ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ், தெலுங்கு அறிந்த இரு பெண் ஆய்வாளர்களோடு அங்கே தங்கி ஆராய்ந்து, 'நர்சாபூரின் ரேந்தைக்காரிகள்' என்று பொருள்படும் ஆங்கில நூலை 1982இல் வெளியிட்டார். சிறிய நூல்தான். எனினும் கைவேலையைப் பற்றி நான் படித்தவற்றில் இவ்வளவு தெளிவானது வேறில்லை.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அவ்வட்டாரத்தில் பின்னிக்கொண்டிருந்தார்கள். முகவர் நூற்கட்டைக் கொடுத்துவிட்டுப் போவார். பின்னியதை வாங்கிக்கொண்டு போவார். பூவைப் பின்னுபவர் ஒருவர், பூக்களை இணைப்பவர் இன்னொருவர்; முழுப்பொருளைக் கண்ணால் காணாதவர்களே மிகுதி. எத்தனை கட்டு நூல் தீர்ந்தது என்பதே கூலிக்கு அளவுகோல். ரேந்தையின் மதிப்பெல்லாம் நூல் இல்லாத இடத்தில் இருக்க, கூலியோ நூலுக்கு! வீட்டு வேலை போக நாளொன்றுக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் பின்னியும், வயலில் நாற்று நடச் சென்ற கூலிப்பெண்களைவிடக் குறைவாகவே அவர்கள் ஈட்டினார்கள். ஆயினும் வயலுக்குப் போக காப்புப் பெண்கள் ஒப்பவில்லை. வீட்டுக்குள் இருந்தபடி பின்னுவது கௌரவம். அந்தக் கௌரவத்தை ஏற்றுமதியாளர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். ஓய்வு நேரத்தில் இல்லத்தரசி செய்யும் சில்லறை வேலை என்று பெயரிட்டுவிட்டால், கூலியைப் பற்றிய பேச்சே எழாது. மக்கள்தொகைக் கணக்கிலும் அவர்களில் பெரும்பாலோர் தொழிலாளராகப் பதிவாகவில்லை. வணிகர்கள் மட்டும் தொழிலதிபர்களாகப் பதிவானார்கள். அவர்கள் அனைவரும் ஏறக்குறைய ஆண்கள்.

மீஸின் முடிவுகளில் ஒன்றில் மட்டும் எனக்குச் சிறு தயக்கம். அவர் சுரண்டலைப் பார்த்த அளவுக்கு வேலையின் அழகைப் பார்க்கவில்லை. ஆறாம் வயதில் கொக்கி பிடித்த ஒருத்தி அறுபதில் புதிய பூ ஒன்றைக் கட்டும்போது அடையும் மகிழ்ச்சி கூலிப் பட்டியலில் வராது. ஆனால் அந்த மகிழ்ச்சியைக் காட்டியே கூலியைக் குறைத்தவர்கள் உண்டு என்பதால், அவர் கண்டிப்பு எனக்குப் புரிகிறது.

நர்சாபூர் குரோஷா ரேந்தைக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மேசை விரிப்பும் படுக்கை விரிப்பும் ஆடைகளும் அதில் அடக்கம். குரோஷா மேற்சட்டையோ மேல்நாட்டுக் கடைகளில் 1960களின் இறுதியில் ஒருமுறை திரும்பி வந்தது. அண்மை ஆண்டுகளின் கோடைகளில் மறுபடியும் வந்திருக்கிறது, சில இடங்களில் ஒருவேளைச் சாப்பாட்டின் விலைக்கு. அந்த விலையைக் காணும்போது சட்டையை உட்புறமாகத் திருப்பிப் பார்க்கலாம். எந்திரப் போலி என்றால் ஓரங்களில் வெட்டுப்பட்ட நூல்முனைகள் பல தெரியும். பின்னலில் ஏணிபோல ஒரே ஒழுங்கு ஓடும். எந்த முனையை இழுத்தாலும் சீராகப் பிரியாது. குரோஷா என்றால் ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் ஒரு சிறு சங்கிலி வளையம் படுத்திருக்கும். பின்னி முடித்த நூல்முனை தையலுக்குள் எங்கோ ஒளித்துவைக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டெடுத்து முடிச்சை அவிழ்த்து இழுத்தால் ஒரு துண்டு முழுவதும் கண்ணி கண்ணியாகப் பிரிந்து, கடைசியில் ஒரே நூலாகக் கையில் வரும்.