ஏசிபிஐயின் முதற்பத்தாண்டும் எழ மறுத்த கணினிகளும்

1990களின் தொடக்கத்தில் கணினியின் மின்பயன்பாட்டைப் பெரும்பாலும் ஆண்டது, தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் பயாஸ் என்னும் அடிப்படை நிரலே ஆகும். 1992இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் வெளியிட்ட ஏபிஎம் என்னும் வரையறையின்படி, திரையை எப்போது அணைப்பது, வட்டை எப்போது நிறுத்துவது என்பவற்றைப் பயாஸ் தானே முடிவு செய்தது. இயங்குதளம் அப்போது எந்த வேலையில் இருந்தது என்பது அதற்கு முழுமையாகத் தெரியவில்லை. இக்குறையைப் போக்க இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகியவை 1996 டிசம்பரில் வெளியிட்ட ஏசிபிஐ, அந்த அதிகாரத்தை இயங்குதளத்திடம் ஒப்படைத்தது.

பலகைக்குப் பலகை மாறும் வன்பொருளை இயங்குதளம் அறிந்துகொள்வதற்காக, அவற்றைச் செய்த நிறுவனங்கள் விவர அட்டவணைகளை எழுதிப் பயாஸில் வைத்தன. அவற்றுள் முதன்மையான டிஎஸ்டிடி வெறும் பட்டியல் அன்று. இயங்குதளம் வரிவரியாகப் படித்து நிறைவேற்ற வேண்டிய நிரல். மின்மேலாண்மையோடு, குறுக்கீடுகள், அதாவது கருவிகள் செயலியின் கவனத்தைக் கோரும் சமிக்ஞைகள், எவ்வழியே வரும் என்பதும் இவ்வட்டவணைகளில் அடங்கியிருந்தது. இதனால்தான், பெயரளவில் மின்சிக்கனம் பற்றியதான ஓர் அமைப்பின் பிழை, கணினியை உறங்க வைக்கும்போது மட்டுமன்றி, அது தொடங்கும்போதே முடக்க வல்லதாயிற்று.

விண்டோஸ் 2000இல் இத்தகைய பிழை நேர்ந்தால், பயாஸ் ஏசிபிஐக்கு முழுமையாக இணங்கவில்லை என்று பொருள்படும் 'ஏ5' என முடியும் பிழையெண்ணோடு நீலத்திரை தோன்றியது. பயாஸைப் புதுப்பிப்பதே முறையான தீர்வு. அது கிடைக்காதபோது, நிறுவலின் தொடக்கத்தில் எஃப்6 விசையை அழுத்துமாறு திரையின் அடியில் வரி தோன்றும் வேளையில் எஃப்7ஐ அழுத்தினால், ஏசிபிஐ இல்லாமலே நிறுவல் நடந்தது. அந்த விசையைப் பற்றித் திரையில் ஒரு சொல்லும் இல்லை என்பதால், அறிந்தவர் சொல்லித்தான் அது பிறருக்குத் தெரிய வந்தது.

லினக்ஸின் இடர்ப்பாடு இதனினும் ஆழமானது. பலகை செய்தவர்கள் பலர் தம் அட்டவணைகளை விண்டோஸில் மட்டுமே சோதித்தனர். மைக்ரோசாஃப்டின் தொகுப்பி, அதாவது எழுதிய நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள், பொறுத்துக்கொண்ட பிழைகளை, இன்டெல் உருவாக்கி லினக்ஸ் ஏற்றுக்கொண்ட நிரல் பொறுக்கவில்லை. துவக்க வரியில் 'ஏசிபிஐ=ஆஃப்' என்று சேர்த்தால் கணினி பெரும்பாலும் எழுந்தது, ஆனால் மடிக்கணினியில் மின்கல அளவு தெரியாது, பணிநிறுத்தம் முடிந்த பின்னும் மின்விசையைக் கையால் அணைக்க நேரும். ஆகவே அதை மருந்தாகக் கொள்வது தவறு. பிழை ஏசிபிஐயின் பக்கம் உள்ளது என்று காட்டும் சோதனையாகவே அதற்கு மதிப்பு உண்டு. அதன்பின் குறுக்கீட்டு வழிகளை மட்டும் விலக்கிப் பார்ப்பது போன்ற குறுகிய தெரிவுகளால் பிழையின் இருப்பிடத்தை நெருங்கினர். பொறுமை மிக்கவர்கள் டிஎஸ்டிடியையே பிரித்தெடுத்து, திருத்தி, மீண்டும் தொகுத்து ஏற்றினர்.

எந்த இயங்குதளம் தன்னைப் படிக்கிறது என்று அட்டவணை வினவுவதற்கும் வழி இருந்தது. 'லினக்ஸ்' என்று விடையளித்தால் சோதிக்கப்படாத பாதையில் நிரல் சென்றுவிடும் என்பதால், 2007இல் வந்த 2.6.23 பதிப்பு முதல் அவ்விடையை இயல்பாகத் தருவதை லினக்ஸின் மையநிரலான கெர்னல் நிறுத்தியது. விண்டோஸின் பெயர்கள் கேட்கப்பட்டால் ஆம் என்றே சொல்லி வந்தது. விலக்கு வேண்டிய கணினிகளோ உற்பத்தியாளர் பெயரும் மாதிரிப் பெயரும் கொண்டு கெர்னலின் மூலநிரலிலேயே பட்டியலிடப்பட்டன. ஒருவர் பலமுறை மறுதுவக்கம் செய்து கண்ட தீர்வு அப்பட்டியலில் ஏறிய பின், அதே மாதிரியை வாங்கியவர் துவக்க வரியில் எதையும் சேர்க்காமலே கணினியைத் தொடங்க முடிந்தது.