சாட்டையடி வாங்கியவர்கள் எழுதவில்லை

ஸ்டீவன் பிரெஸ்ஃபீல்டின் ‘கேட்ஸ் ஆஃப் ஃபயர்’ நாவலில் அலெக்ஸாண்ட்ரோஸ் என்றொரு மாணவன் வருகிறான். நல்ல குரல்வளம், மென்மையான சுபாவம். பண்டைய கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவில் பிறந்துவிட்டதால் போர்வீரன் ஆவதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. ஒலிம்பிக்கில் வென்ற பாலினைக்கீஸ் என்ற வீரன் அவனைப் பலர் முன்னால் நிறுத்தி, கேள்விமேல் கேள்வி கேட்டுக் கூனிக்குறுக வைக்கிறான். பையன் அழக்கூடாது, பயத்தையும் காட்டக்கூடாது. பாரசீகப் படையை எதிர்த்து நடந்த தெர்மோபிலே போரைச் சொல்லும் இந்த நாவல் வந்த ஆண்டு 1998. அமெரிக்க மரீன் படையின் வாசிப்புப் பட்டியலிலும் அதற்கு இடம் கிடைத்தது.

இந்தக் கதையைச் சொல்பவன் ஸ்பார்ட்டாக்காரன் அல்ல. ஊர் அழிந்து, பிழைப்புத் தேடி வந்து எடுபிடியாகச் சேர்ந்த ஓர் அந்நியன். பிரெஸ்ஃபீல்டு தெரிந்து செய்தாரோ தற்செயலோ, வரலாற்றின் நிலையும் இதுதான். ஏழு வயதில் தாயைப் பிரிந்து ஸ்பார்ட்டாவின் போர்ப் பயிற்சிக்குள் போன எந்தச் சிறுவனும் தன் மனதில் பட்டதை எழுதிவைக்கவில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் வெளியூர்க்காரர்கள் சொன்னது.

அவர்களில் மூத்த சாட்சி ஸெனபோன். ஏதென்ஸில் பிறந்தவர், ஸ்பார்ட்டாவின் அரசன் அஜெஸிலாஸுக்கு நண்பர். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அவர் எழுதியது கிட்டத்தட்ட ஒரு பாராட்டுரை. சிறுவர்களுக்குச் செருப்பு கிடையாது. ஆண்டு முழுவதற்கும் ஒரே மேலாடை. வயிறு நிறையாத அளவுக்குத்தான் சோறு. போதாததைத் திருடித் தின்னலாம், பிடிபட்டால் அடி. திருடியதற்காக அல்ல, திருடத் தெரியாததற்காக. இவர்களை மேய்க்க ஓர் அதிகாரி, அவருக்குக் கீழே சாட்டையோடு சில இளைஞர்கள். அந்த அதிகாரி இல்லாத நேரத்தில் வழியில் போகும் எந்தக் குடிமகனும் எந்தப் பையனையும் தண்டிக்கலாம். அடிபட்டவன் வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் முறையிட்டால்? அப்பா தன் பங்குக்கு இன்னொரு முறை அடிக்க வேண்டும். அடிக்காமல் விட்டால் அவருக்குத்தான் அவமானம்.

மாணவன் என்ன நினைத்தான் என்ற கேள்விக்கு ஏன் பதில் இல்லை என்பது இங்கேயே விளங்கிவிடுகிறது. சொல்வதற்கு ஆள் இருந்தால்தானே சொல்வான்.

நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் கழித்து எழுதிய புளூட்டார்க் இன்னும் சில நுணுக்கங்களைச் சேர்க்கிறார். படுக்கைக்கான நாணலை யூரோட்டாஸ் ஆற்றங்கரையில் கத்தியில்லாமல் வெறுங்கையால் ஒடித்து வர வேண்டும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் இருபது வயதுத் தலைவன் ஒருவன் கேள்வி கேட்பான்: ஊரில் சிறந்த மனிதர் யார், இன்னார் செய்தது சரியா? பதிலும் அதற்கான காரணமும் சுருக்கமாக வர வேண்டும். தடுமாறினால் கட்டைவிரலில் ஒரு கடி! திருடிய நரிக்குட்டியை மேலாடைக்குள் மறைத்து, அது வயிற்றைக் கிழித்தும் வாய் திறக்காமல் செத்த பையனின் கதையும் அவர் வழியாகத்தான் பரவியது. அது நடந்ததோ இல்லையோ, அந்த ஊர் எந்த மாதிரிப் பிள்ளையைக் கொண்டாடியது என்பது அதில் தெரிகிறது. ஆனால் ‘300’ படத்தில் ஓநாயை எதிர்த்து நிற்கும் சிறுவன் பழைய நூல் எதிலும் கிடையாது. அது திரைக்கதை.

எல்லாரும் மெச்சவும் இல்லை. ஸ்பார்ட்டாக்காரர்கள் பிள்ளைகளைக் கடுமையால் விலங்காக்கிவிடுகிறார்கள், அப்படியும் வீரம் விளைவதில்லை என்று அரிஸ்டாட்டில் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். கி.மு. 371இல் லியூக்ட்ராவில் தீப்ஸ் நகரப் படையிடம் ஸ்பார்ட்டா தோற்றது. களத்துக்குப் போன சுமார் 700 ஸ்பார்ட்டக் குடிமக்களில் 400 பேர் திரும்பவில்லை. செய்தி வந்து சேர்ந்தபோது ஊரில் விழா, அரங்கில் சேர்ந்திசை. அதிகாரிகள் பாட்டை நிறுத்தவில்லை. மறுநாள் உறவினரை இழந்தவர்கள் மலர்ந்த முகத்தோடு தெருவில் நடந்தார்களாம். உறவினர் உயிரோடு இருப்பவர்கள்தான் தலைகுனிந்து போனார்களாம். பயிற்சி எவ்வளவு ஆழத்தில் இறங்கியிருந்தது என்பதற்கு எனக்கு நரிக்குட்டிக் கதையைவிட ஸெனபோன் சொல்லும் இந்தத் தெருக்காட்சிதான் பெரிய சான்று.

இந்தப் பயிற்சியில் கவனிக்க வேண்டியது சாட்டையடியின் வரலாறு. ஸெனபோன் காலத்தில் அது ஒரு முரட்டு விளையாட்டு: ஆர்ட்டெமிஸ் ஆர்த்தியா தெய்வத்தின் பலிபீடத்திலிருந்து பாலாடைக்கட்டியைத் திருட ஒரு கூட்டம், சாட்டையோடு தடுக்க இன்னொரு கூட்டம். பிறகு அரசு தேய்ந்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அரசன் மூன்றாம் கிளியோமினிஸ் பயிற்சியைத் திரும்பக் கொண்டுவந்தான், கி.மு. 188இல் ஸ்பார்ட்டாவை அடக்கிய கிரேக்கத் தளபதி பிலோபோமன் அதை ஒழித்தார். ரோமானியர் கை ஓங்கிய பிறகு மறுபடி தலையெடுத்தது. அதற்குள் திருட்டும் பாலாடைக்கட்டியும் மறைந்து, அடியைத் தாங்குவது மட்டுமே போட்டியாகியிருந்தது. சிலர் செத்தும் போவதாக அங்கே போனபோது கேள்விப்பட்டதாக ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதினார். நேரிலேயே பார்த்ததாக புளூட்டார்க் சொல்கிறார். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் பலிபீடத்தைச் சுற்றி வளைத்து, பார்வையாளர்கள் உட்கார ஓர் அரங்கமே எழுந்தது. தன் பெயரில் போர் தொடுக்கும் நிலையில் ஸ்பார்ட்டா அப்போது இல்லை. போருக்கான தேவை போன பிறகுதான், வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்காக, கொடுமை உச்சத்துக்குப் போனது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில், ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த லிபானியஸ் என்ற மாணவரும் அந்தச் சாட்டை விழாவைப் பார்க்கப் போனார்.

1906 முதல் 1910 வரை பிரிட்டிஷ் தொல்லியலாளர்கள் ஆர்ட்டெமிஸ் ஆர்த்தியாவின் கோயிலைத் தோண்டினார்கள். சிறுவர் போட்டிகளில் வென்றவர்கள் நட்ட கற்கள் ஏராளமாகக் கிடைத்தன. பரிசு ஓர் இரும்பு அரிவாள். அதைக் கல்லிலேயே பதித்துத் தெய்வத்துக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார்கள். பாட்டுப் போட்டியில் வென்றவர்களும் அவர்களில் உண்டு. பழைய கல் ஒன்று கி.மு. 4ஆம் நூற்றாண்டினது, அரெக்ஸிப்போஸ் என்பவன் வைத்தது. அவனுக்கு ஐந்து அரிவாள். அடியைப் பற்றியோ பசியைப் பற்றியோ அதில் ஒரு சொல் இல்லை. சிறுவர் போட்டிகளில் தான் வென்றதையும், எல்லாரும் பார்க்கட்டும் என்றே இதை வைத்ததையும் பொறித்திருக்கிறான்.