கட்டுமரமும் கடல் கடந்த பெயரும்

தமிழ்க் கடற்கரை உலகுக்கு ஈந்த சொற்களுள் கட்டுமரமும் ஒன்று. ஆயின் அச்சொல்லை மேலைநாட்டார் ஏற்றிச் சென்றபோது அதன் பொருளைக் கரையிலேயே விட்டுவிட்டனர் என்பது நம் எண்ணம்.

கட்டுமரத்துக்கு ஆணியில்லை, உட்குழிவும் இல்லை. இலகுவான மரங்களைச் செதுக்கி, நடுமரம் தாழ்ந்தும் பக்கமரங்கள் உயர்ந்தும் நிற்க வரிசைப்படுத்துவர். முன்முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். முன்னும் பின்னும் குறுக்குக்கட்டை வைத்துக் கயிற்றால் இறுகப் பிணைத்துவிட்டால் மரம் கடலுக்கு ஆயத்தம். ஏனைய ஓடங்கள் நீரை உள்ளே விடாமையால் மிதக்கின்றன. இதுவோ நீருக்கு வழிவிட்டே மிதக்கின்றது. மேலேறிய திரை மரங்களின் இடைவெளியூடாக இறங்கிப் போய்விடும். இறைக்க வேண்டியதில்லை, மூழ்கும் அச்சமுமில்லை. நீரூறிய மரம் கனக்குமாதலின், கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலிற் காயவிடுவர். மறுமுறை கடலுக்குப் போகுமுன் மீண்டும் கட்டுவர். தச்சன் ஒருமுறை செய்து கொடுத்ததோடு முடியும் வேலையன்று இது. மீனவனே ஓயாது தன் கலத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறான்!

சோழமண்டலக் கரையின் கொந்தளிக்கும் திரைகளுக்கு இதுவே ஏற்ற கலம். நம் ஈழத்து வடகரையிலும் இது வழங்கியது. சென்னையில் துறைமுகம் அமையுமுன், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகும் புறப்பட அஞ்சிய நாள்களில், கட்டுமரக்காரர் கூம்பு வடிவான தொப்பிக்குள் கடிதங்களை வைத்துத் திரைகளைக் கடந்து சென்று கொடுத்தனர். கட்டின் உறுதியை நம்பியன்றோ அம்மனிதர் இறங்கினர்!

1697இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி இக்கலத்தைப் பெயரோடு குறிப்பிட்டார். அமர்ந்து செல்பவனின் கால்கள் எப்போதும் நீரிலேயே கிடக்கும் என்பதும் அவர் கண்ணிற்பட்டது. பின்னர் 1876இல் அமெரிக்கரான நதானியேல் ஹெரஷாஃப் இரண்டு உடல்களை இணைத்து 'அமரில்லிஸ்' என்ற பாய்ப்படகைச் செய்து பந்தயத்தில் விட்டார். அவ்வகைக்கே 'கற்றமரான்' என்ற பெயர் நிலைத்தது. விரைவிற் சிறந்த கலந்தான்; ஆயினும் அதில் நம் கட்டு எங்கே?

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், இருகரையிலும் உதவியாக வந்தவற்றுட் பெரும்பாலானவை ஃபைபர் படகுகள். அவற்றை அவிழ்க்கவும் வேண்டாம், காயவிடவும் வேண்டாம். உயிரைப் பணயம் வைத்து உழைப்பவர் எளியதை நாடுவதைக் கரையிலிருக்கும் நாம் குறைகூறுதல் தகாது. ஆனால் கயிற்றை எங்கே தொடங்கி, எத்தனை சுற்றுச் சுற்றி, எவ்வளவு இறுக்குவது என்னும் கணக்கு மூத்த மீனவரின் கைகளிலேதான் பெரிதும் தங்கியிருக்கின்றது. நம் சங்கத்து இளைஞர் இருவர் மூவராக இவ்விடுமுறையிலேயே கரையோர ஊர்களுக்குச் சென்று, அப்பெரியவர்கள் கட்டிக் காட்டுவதைப் படமாகவும் எழுத்தாகவும் பதிந்து வரலாமே.